ஏழு நாற்பது பஸ்ஸும் சித்தப்பாவின் படகும்

“…ஜெயிச்சிட்டன்னா அப்பால நான் வாயே தொறக்கல. தோத்துட்டன்னா, மறுநாள் காலைல குளிச்சி, சட்டைய மாட்டிகினு, என் பஸ்ஸுல ஏறி, கம்பெனி கேட்டாண்ட போய் அந்த நாற்காலில குந்துற. இன்னா, சரியா?”

சொன்னவர் அப்பா. கேட்டுக்கொண்டிருந்தவர் சித்தப்பா. இருவருக்கும் நடுவில் தரையில் ஏழெட்டுப் பலகைகள் கிடந்தன. இனிமேல்தான் அவை படகாக வேண்டும். அந்தப் படகு, அப்பா ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸை ஓட்டத்தில் முந்த வேண்டும். பஸ் ஏரிக்கரை ரோட்டில் போகும், படகு ஏரியில் போகும். இதுதான் பந்தயம். ஏரியில் அன்றைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்பதை மட்டும் இருவருமே பேச்சில் எடுக்கவில்லை. அது ஆடி மாதம். வெடித்துக் கிடந்த சேற்றில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

சித்தப்பா குனிந்து ஒரு பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, “சரிண்ணா. ஆனா அப்பால, தம்பியாச்சேன்னு வுட்டுக் குடுத்தேன்னு ஊருல சொல்லிகினு திரியக் கூடாது” என்றார்.

“நான் எவனுக்கும் வுட்டுக் குடுக்கறவனும் இல்ல, எவனுக்காகவும் நிக்கறவனும் இல்ல” என்று சொல்லிவிட்டு அப்பா சாவியை எடுத்துக்கொண்டு மதிய ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் வரவில்லை. தோற்கப்போகிற பக்கம் என்று ஊரே எதைச் சொல்கிறதோ அந்தப் பக்கம்.

எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரிக்கும் ஒரகடத்துக்கும் இடையில் இருக்கிறது. ஒரு வீட்டில் இரண்டு பேராவது ஏதாவது ஒரு கம்பெனியின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா கம்பெனி பஸ் டிரைவர். அதே கம்பெனியில் சித்தப்பா பிரஸ் ஷாப். ஒரே அடியில் தகட்டைக் கார்க் கதவாக வளைத்துப் போடுகிற இயந்திரம் அங்கே இருந்தது. முந்தைய வருடம் அந்த இயந்திரம் சித்தப்பாவின் வலது கையில் நடு மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டை விரலும் சுண்டு விரலும் மிச்சம்.

கை ஆறியதும் அப்பா யார் யாரையோ பார்த்துக் கெஞ்சி ஒரு வேலை வாங்கி வைத்தார். கம்பெனி கேட்டில் ஒரு நாற்காலி. உள்ளே வருகிற லாரியின் நம்பரை நோட்டில் எழுத வேண்டும், பெரிய கார் வந்தால் எழுந்து நின்று சல்யூட் வைக்க வேண்டும். ஊரில் எல்லாருக்கும் அது அதிர்ஷ்டமாகத்தான் தெரிந்தது. “கை போனா இன்னாய்யா, காலாட்டிகினே சம்பளம் வாங்கலாம்” என்றார் டீக்கடைக்காரர். அவர் எதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பார். இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே ஒன்றைச் செய்து, அதற்கு ஆயிரம் வருடம் வயது இருப்பது போலச் சொல்வார்.

சித்தப்பாவுக்கு அந்த நாற்காலியின் பெயரைக் கேட்டாலே மூக்கு விடைக்கும். “மூணு வெரலு போச்சுன்னா மொத்த ஆளும் போயிட்டான்னு கணக்கா? நான் ஃபிட்டரு. வாட்ச்மேன் இல்ல” என்பார். அப்பா திட்டுவார். சித்தப்பா தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போவார். இப்படியே மாதங்கள் போயின. அப்போதுதான் இந்தப் படகுப் பேச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது போனில் பார்த்ததாம். எந்த ஊரிலோ ஆட்கள் கையாலேயே செய்த குட்டி மரப்படகுகளில் பின்னால் ஒரு இன்ஜினை மாட்டிக்கொண்டு பந்தயம் விடுகிறார்கள். தட்டையான கல்லைத் தண்ணீர் மேல் விட்டால் தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி போகிறது படகு. எனக்கும் காட்டினார். பார்ப்பதற்கு ஒரு முறம் மாதிரிதான் இருந்தது. “நல்லா பாரு. இது தண்ணிக்குள்ள போவல. தண்ணி மேல போவுது. தண்ணிய மதிக்கவே இல்ல பாரு” என்றார். அந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மறுநாள் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் போய், டீச்சரை மதிக்கவே இல்லை என்று பெருமைப்பட்டு, முட்டி போட்டேன்.

மரத்துக்கு எங்கள் பக்கம் பஞ்சமே கிடையாது. வல்லம் வடகால் கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள் மரப்பெட்டிக்குள் வரும். இயந்திரம் உள்ளே போய்விடும், பெட்டி வெளியே வந்துவிடும். ஊரில் பாதிச் சாமான் அந்த மரம்தான். ஆட்டுக் கொட்டகை, கட்டில், கோழிக்கூண்டு, எல்லாமே. எங்கள் வீட்டு வாசற்கதவில்கூட ‘இந்தப் பக்கம் மேலே’ என்பதற்கான அம்புக்குறி இருந்தது. கதவைத் தலைகீழாக மாட்டிவிட்டதால் அம்பு தரையைக் காட்டும்.

இன்ஜின் பழவேற்காட்டிலிருந்து வந்தது. சித்தப்பா காலையில் தன் பைக்கில் போனார், சாயங்காலம் பஸ்ஸில் வந்தார். பைக்கைக் கொடுத்துவிட்டு, ஒரு மீனவரிடம் சும்மா கிடந்த பழைய இன்ஜினை வாங்கி, போர்வையில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று பஸ் மாறி வந்திருந்தார். ஒரு கண்டக்டர் போர்வையைத் தடவிப் பார்த்து, “ஆளா, சாமானா?” என்றாராம். “ஆளுதான். கொஞ்சம் தூங்குது” என்று சித்தப்பா இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டார்.

அந்தக் கதையைக் கேட்டு அம்மா சிரித்தார். அப்பா, “பைக்கு போச்சா?” என்று மட்டும் கேட்டார். போச்சு என்றதும் தட்டைப் பார்த்துக்கொண்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டார்.

படகு எங்கள் முன்னறையில்தான் கட்டப்பட்டது. வேறு இடம் இல்லை. எட்டடி நீளம், நாலடி அகலம். அப்பா வழக்கமாகப் பாய் போடுகிற இடம் அது. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் பாயைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டார். ஆனால் முதல் நாளே கதவை ஒரு பார்வை பார்த்தார். கட்டி முடித்த பிறகு வெளியே வராது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். சித்தப்பாவும் அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டார். “கதவத்தான் மொதல்ல அளந்தேன். சாய்ச்சா தாராளமா போவும். நீ வேற எதையாவது எதிர்பாத்துகினு இருண்ணா” என்றார்.

வேலையில் என் உத்தியோகம் விரல். சித்தப்பா வலது உள்ளங்கையால் பலகையை அழுத்துவார், இடது கையால் திருப்புளியைச் சுற்றுவார். ஸ்க்ரூவைப் பிடிக்க ஆள் வேண்டும். “வெரலு!” என்று ஒரு குரல் கொடுப்பார். எங்கே இருந்தாலும் ஓடிப் போய்ப் பிடிப்பேன். பிறகு வீட்டில் என் பெயரே வெரலு என்று ஆகிவிட்டது. பள்ளியில் என்னைக் கப்பல்காரி என்றார்கள். ஏரியில் தண்ணீர் இல்லாத கப்பல்காரி என்றும் சொன்னார்கள். ‘ஆமா, ஏறணும்னா கெஞ்சணும்’ என்றேன். யாரும் கெஞ்சவில்லை.

சித்தப்பா அளப்பதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் மரியாதையும் வருகிறது. நானே இன்று ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில்தான் இருக்கிறேன். ஆனால் அவரைப் போல நான் அளந்ததில்லை. அவரிடம் ஃபீலர் கேஜ் ஒன்று இருந்தது. சாவிக்கொத்து மாதிரி விரியும். ஒவ்வொரு சாவியும் ஒரு மெல்லிய தகடு. இரண்டு இரும்புக்கு நடுவில் அதைச் செருகி இடைவெளி பார்ப்பார்கள். சித்தப்பா இரண்டு பலகைக்கு நடுவில் செருகினார். இருப்பதிலேயே மெல்லிய தகடு. அது நுழைந்துவிட்டால் பலகையைக் கழற்றி மறுபடியும் இழைப்பார். ஒரு பலகைக்கு ஒரு வாரம் ஆனதும் உண்டு. கடைசியில் படகின் அடிப்பக்கம் ஒரே பலகையில் செய்தது போல இருந்தது. கோடே தெரியவில்லை. டீக்கடைக்காரர் வந்து தடவிப் பார்த்துவிட்டு, “எறும்பு போவணும்னாகூட டிக்கெட் வாங்கணும்போல” என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அது.

ஐப்பசி முதல் மழையில் ஏரியில் இடுப்பளவு தண்ணீர் வந்தது. இன்ஜின் மாட்டாமல் சும்மா மிதக்கவிட்டுப் பார்க்கலாம் என்று நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி இறக்கினோம். அழகாக மிதந்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. சித்தப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். கரையில் பாதி ஊர் நின்றது.

அரை மணி நேரம் இருக்கும். டக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு டக். ஸ்க்ரூக்கள் தெறிக்கிற சத்தம் அது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகின் அடிப்பலகைகள், எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மேலே எழும்பின. எங்கெங்கோ வாய் பிளந்து தண்ணீர் உள்ளே வந்தது. படகு ஒரு அவசரமும் இல்லாமல் உட்கார்ந்தது. ஆழமில்லாத கரையோரத்திலேயே உட்கார்ந்ததால் முங்கக்கூட இல்லை. விளிம்பு மட்டும் தெரிந்தது.

யாரும் கை கொட்டிச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சித்தப்பா சண்டை போட்டிருப்பார், அது அவருக்கு நன்றாக இருந்திருக்கும். எல்லாரும் அவருடைய கையைப் பார்த்துவிட்டு, பாவம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு வீட்டில் அம்மாதான் காரணத்தைச் சொன்னார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். “ஏன் தம்பி, மழ பேஞ்சா நம்ம வாசக் கதவு சாத்தறதுக்கு வருதா? ஒதச்சில்ல சாத்தறோம்? மரம் தண்ணி குடிச்சா உப்பும். உப்பறதுக்கு எடம் வுடணும். அரிசி ஊறப் போடறவளுக்குத் தெரியுது, ஃபிட்டருக்குத் தெரியலியே.”

சித்தப்பாவின் கை பழகியதெல்லாம் இரும்பு. இரும்பு தண்ணீர் குடிக்காது. இரும்பில் இடைவெளி இல்லாமல் செய்பவன்தான் கெட்டிக்காரன். அதே கெட்டிக்காரத்தனத்தை மரத்தில் காட்டியிருந்தார். அதுவும் பெட்டி மரம், கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் பூச்சி சாக வேண்டும் என்று சூட்டில் வைத்து உலர்த்திய மரம். தண்ணீரைக் கண்டதும் ஊர்த் தாகத்தையெல்லாம் தீர்த்துக்கொண்டுவிட்டது.

இன்ஜின் கொடுத்த பழவேற்காட்டு மீனவருக்குச் சித்தப்பா போன் போட்டார். அந்த மனிதர் ஒரு நிமிடம் முழுக்கச் சிரித்தார், எனக்கே கேட்டது. பிறகு சொல்லிக்கொடுத்தார். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ரம்பத் தகடு நுழைகிற அளவு சந்து விட வேண்டும். அந்தச் சந்தில் பருத்தி நூலை முறுக்கி, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியதில் தோய்த்து அடைக்க வேண்டும். மரம் உப்பினால் நூலை நசுக்கிக்கொள்ளும், படகை உடைக்காது.

அப்பா வேலையிலிருந்து வந்தபோது சித்தப்பா படகைத் தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு மாதம் இழைத்த பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, “போதும்டா. ஊரு பாத்தாச்சு. நாற்காலி இன்னும் காலியாத்தான் கீது. நாளைக்கே வா” என்றார்.

“இன்னும் பந்தயமே நடக்கல. நீ ஏன் இப்பவே நாற்காலியத் தொடைக்கிற?” என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டு, “வெரலு!” என்று கத்தினார். நான் ஓடினேன்.

கார்த்திகையில் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலங்கல் வழிந்தது. படகு மிதந்தது, இந்தத் தடவை மிதந்துகொண்டே இருந்தது. இன்ஜினை மாட்டினோம். அதன் கைப்பிடி இடது கையால் பிடித்துத் திருகுகிற மாதிரி அமைந்திருந்தது. சித்தப்பாவுக்கு அதில் ஒரு கர்வம். “செஞ்சவன் என்னிய மனசுல வெச்சித்தான் செஞ்சிருக்கான்” என்பார். ஆனால் கிளப்புவதுதான் பாடு. அது பழைய இன்ஜின். ஒரு கயிற்றை அதன் சக்கரத்தில் சுற்றி, ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கயிறு கையோடு வந்துவிடும், இன்ஜின் ஓடும். இடது கையால் இழுத்தால் கைப்பிடிக்குக் கை இல்லை. வலது கைக்குக் கயிற்றைப் பிடிக்க விரல் இல்லை. சித்தப்பா கயிற்றின் நுனியை வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி இரட்டை முடிச்சுப் போடச் சொன்னார். போட்டது நான்தான். தோளோடு சேர்த்து ஒரு உதறு. இன்ஜின் உறுமியது.

படகு கிளம்பியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு, கண்ணுக்குட்டி மாதிரி பின்காலில் நின்றது. முன்னால் கனம் வேண்டும். மணல் மூட்டை வைத்துப் பார்த்தார், அது உருண்டது. கல் வைத்தார், அது மரத்தைக் குத்தியது. பிறகு என்னைப் பார்த்தார். நான் அதற்காகத்தான் அரை மணி நேரமாக அங்கே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு நீச்சல் தெரியும். இருந்தாலும் முதுகில் இரண்டு காலி எண்ணெய் கேன்களைக் கட்டி, மூக்கில் குப்புறப் படுக்கவைத்தார். படகு சமமாக நின்றது. “உங்க அம்மாகிட்ட சொல்லாத” என்றார். “உரல்ல தலைய வுட்டுட்டு உலக்கைக்குப் பயந்தா ஆவுமா?” என்றேன். டீக்கடையில் கேட்டு வைத்திருந்த பழமொழி. எங்கே சொல்வது என்று அதுவரை தெரியாமல் இருந்தது.

பந்தயத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை. ஜெனரல் ஷிஃப்ட் பஸ் காலை ஏழு நாற்பதுக்குக் கலங்கல் தாண்டும். அங்கே ரோட்டோரக் கல்தான் தொடக்கம். மதகில் முடிவு. நடுவில் ஏரிக்கரை வில் மாதிரி வளைந்து போகிறது. பஸ் வில்லின் மேல் போக வேண்டும், நாங்கள் நாணின் மேல் போகலாம். அது எங்களுக்குச் சாதகம். ஆனால் நாணுக்கு நடுவில் ஆகாயத்தாமரை படர்ந்து கிடந்தது. சித்தப்பா முந்தைய நாள் முழுக்க இறங்கி ஒரு வழி வெட்டியிருந்தார்.

பஸ்ஸில் அன்றைக்கு எல்லாரும் ஏரிப் பக்கம் உட்கார்ந்திருந்தார்களாம். பிரஸ் ஷாப் ஆட்கள் படகுக் கட்சி, பெயின்ட் ஷாப் ஆட்கள் பஸ் கட்சி. முதல் சீட்டில் ஒரு சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எந்தக் கட்சியிலும் சேராமல் இருந்தார்.

பஸ்ஸின் முகம் கலங்கல் திருப்பத்தில் தெரிந்தது. சித்தப்பா உதறினார். முதல் இழுப்பிலேயே கிளம்பிற்று. பஸ்ஸின் முன்சக்கரம் கல்லைத் தாண்டியதும் கைப்பிடியை முறுக்கினார். என் வயிற்றுக்குக் கீழே தண்ணீர் கல்லாகிவிட்டது. டம் டம் என்று அடித்தது. பல்லைக் கடிக்காவிட்டால் நாக்கு துண்டாகியிருக்கும். கண்ணைத் திறக்க முடியவில்லை. திறந்தபோது இடது பக்கம் பஸ் எங்களுக்குச் சமமாக வந்துகொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாகக் கைகள். அப்பா மட்டும் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போயிற்று. நாங்கள் முந்திவிட்டோம்.

அப்போது இன்ஜின் இருமியது. ஒரு தரம், இரண்டு தரம், நின்றுவிட்டது. வெட்டிவிட்ட ஆகாயத்தாமரை ராத்திரிக் காற்றில் மறுபடி ஒதுங்கி, வழியில் வந்து நின்றிருக்கிறது. அதன் வேர்கள் இன்ஜின் அடியில் சுழலும் விசிறியில் சடை சடையாகச் சுற்றிக்கொண்டன.

பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. நிற்கவில்லை, மெதுவாகவும் போகவில்லை. சொன்னால் சொன்னதுதான். முகங்கள் எல்லாம் பின் ஜன்னலுக்கு ஓடின. நான் மூக்கில் படுத்தபடியே பஸ்ஸைப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது.

சித்தப்பா கத்தவில்லை. இன்ஜினைச் சாய்த்து, இடது கையால் வேரைப் பிய்த்து எறிந்தார். கயிற்றைச் சுற்றினார். உதறினார். இல்லை. மறுபடி சுற்றினார், உதறினார். இல்லை. நனைந்த கயிறு மணிக்கட்டில் இறுகிக்கொண்டே போயிற்று. ரத்தம் படகின் விளிம்பில் சொட்டியது. “கேட்டுல குந்தணுமா? கேட்டுலயா?” என்று இன்ஜினைக் கேட்டார். மூன்றாவது உதறலில் அது பதில் சொல்லிற்று.

மதகில் டீக்கடைக்காரர் சிவப்புத் துண்டை வைத்துக்கொண்டு நடுவர் மாதிரி நின்றிருந்தார். பஸ் வளைவு முடிந்து மதகை நோக்கி வருகிறது. நாங்கள் நேராக வருகிறோம். எனக்குத் துண்டின் சிவப்பு மட்டும்தான் தெரிந்தது. அது விழுந்தது. படகு நிற்காமல் கோரைக்குள் புகுந்து சேற்றில் ஏறி நின்றது. “மூக்கு முந்திச்சி! படகு மூக்குதான் முந்திச்சி!” என்று அவர் கத்தினார். அந்த மூக்கு நான்தான் என்பதை இன்றுவரை யாரும் மறுத்ததில்லை. பெயின்ட் ஷாப் ஆட்கள்கூட.

சித்தப்பா அந்த நாற்காலியில் ஒரு நாளும் உட்காரவில்லை. கோவளம் பக்கம் போய், மீனவர்களின் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டுகிற பட்டறை ஒன்றில் சேர்ந்தார். இப்போது அது அவருடைய பட்டறை. அவர் இடது கையால் பழுது பார்த்த இன்ஜின் கடலில் நின்றது கிடையாது என்று அங்கே சொல்கிறார்கள்.

அம்மா எனக்கு இன்னொன்றும் சொன்னார், ஆனால் நான் காலேஜ் சேர்ந்த பிறகுதான். பிரஸ்ஸில் கை போன அன்றைக்குச் சித்தப்பா எழுந்திருக்கவே லேட்டாம். லீவு போட்டுவிடுகிறேன் என்று புரண்டு படுத்தாராம். அப்பாதான் பஸ்ஸை ஸ்டாப்பில் நிறுத்தி, விடாமல் ஹாரன் அடித்து, ஆள் அனுப்பி எழுப்பி, நாலு நிமிடம் காத்திருந்து ஏற்றிக்கொண்டு போனார். பத்து மணிக்குப் போன் வந்தது. அதற்குப் பிறகு அப்பா யாருக்காகவும் பஸ்ஸை நிறுத்தியதில்லை. ஓடி வருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போய்விடுவார். சித்தப்பாவின் வலது கையை அவர் நேராகப் பார்த்ததும் இல்லை. தட்டைக்கூடக் கையில் கொடுக்காமல் அவர் பக்கம் தள்ளித்தான் வைப்பார்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், நாங்கள் ஜெயித்துவிட்டோம், அப்பா தோற்றுவிட்டார் என்பதுதான். அந்த பஸ் மதகைத் தாண்டி மெயின் ரோட்டில் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. ஓரமாக நின்றது. அப்பா இறங்கினார். உள்ளேயிருந்து யாரோ நேரமாகிறது என்று சொன்னார்கள். அவர் காதில் வாங்கவில்லை. கரைச் சரிவில் இறங்கி, பாலிஷ் போட்ட ஷூவோடு சேற்றில் கால் வைத்தார். எனக்கு அடி விழப்போகிறது என்று மூக்கில் இன்னும் ஒட்டிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

சித்தப்பா படகில் எழுந்து நின்றார். மூச்சு வாங்கியது. “கேட்டுக்குப் போவ மாட்டேன். சொன்னா சொன்னதுதான். பஸ்ஸ எடுண்ணா, உனுக்கு மெமோ குடுக்கப் போறான்.”

“கையக் குடு” என்றார் அப்பா.

“ஒண்ணியும் இல்ல. நீ கெளம்பு.”

“குடுடா.”

சித்தப்பா கொடுக்கவில்லை. அப்பா தானே இழுத்துக்கொண்டார். முழங்கால் தண்ணீரில் நின்று அந்த வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு குனிந்தார். கயிறு தோலுக்குள் புதைந்திருந்தது. முடிச்சை நகத்தால் நெம்பினார். வரவில்லை. நான் போட்ட முடிச்சு, நனைந்து கல்லாகியிருந்தது. அப்பா இன்னும் குனிந்து, அந்தக் கையில் வாயை வைத்தார்.

நான் இருந்த இடத்திலிருந்து அப்பாவின் பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது. தோற்ற ஆத்திரத்தில் சித்தப்பாவின் மிச்ச விரலையும் கடிக்கிறார் என்று நினைத்தேன். பஸ் ஜன்னல்களைப் பார்த்து, “அப்பா கடிக்கிறாரு, வந்து புடிங்க” என்று கத்தினேன். ஐம்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை. ஒருவரும் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்த சூப்பர்வைசர்கூடக் கடிகாரத்தைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேரும் அப்பாவுக்குப் பயந்துவிட்டார்கள் என்று எனக்கு அவர்கள் மேல் ஆத்திரமாக வந்தது.

அப்பா தலையை நிமிர்த்தினார். பல்லில் மாட்டிய கயிற்று நாரைத் தண்ணீரில் துப்பினார். அடுத்த முடிச்சுக்கு மறுபடியும் குனிந்தார்.